அக்காவுக்கு மூத்த தங்கச்சி

போன மாதம் தேவி, சிரம்பானை ஒட்டிய ராசாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த சிரம்பான் கிளினிக்கில் இப்போது அவள்தான் தலைமை மிஸ்ஸி. மலேசியாவில் எங்கள் பக்கத்தில் நர்சுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தாலும் மிஸ்ஸிதான். தேவி என்னிடம் பயிற்சிக்கு வந்த புதிதில், ஊசி போடும்போது நோயாளியை முந்திக்கொண்டு தான் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது அவள் நடந்து வந்தால் டாக்டர்களே ஒதுங்கி வழி விடுகிறார்களாம். அவளே சொன்னது, நான் பார்க்கவில்லை.

பேச்சுவாக்கில் புது ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். கர்ப்பம் பத்து வாரம் ஆனதும் தாயின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைப் பார்த்தே, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரியான குரோமோசோம் கோளாறு இருக்கிறதா என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லிவிடுகிறார்களாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நாங்கள் ஐசி என்று சொல்லும் அடையாள அட்டையைப் பற்றி ஒன்று கேட்டாள்:

"நான் வேலைக்கு வந்த புதுசுல, ஐசிய கையில வச்சிக்கிட்டே 'இது நெசமான வயசா'ன்னு எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கேக்கச் சொல்வீங்களே மிஸ்ஸி, அது ஏன்? அதுக்காக எத்தன பேருகிட்ட நான் ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குக் காரணம் ஒரு லாபு தோட்டத்துக்காரி" என்றேன். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை டீ போட வேண்டியிருந்தது. எழுதிக் கொடுங்கள், புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று தேவி நச்சரித்ததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நான் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர்ப் பால் லாரி ஓட்டினார். எழுபதுகளின் தொடக்கத்தில் நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். மடிப்பு இல்லாமல் படுக்கை விரிக்கவும், பெரிய சிஸ்டர் வந்தால் விறைப்பாக எழுந்து நிற்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். படுக்கை விரிப்பது பிற்பாடு பயன்பட்டது. பிறகு பல வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு, எண்பதுகளில் டாக்டர் உமையாளின் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தேன். மற்றதெல்லாம் என் பிள்ளைகளுக்கே சலித்துப்போன கதை.

டாக்டர் உமையாள் சிரம்பானில் பழைய வட்டிக்கடைச் செட்டியார் வீட்டுப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும், பொம்பளைகளை "வா ஆத்தா, உக்காரு ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார். ஆள் குள்ளம், கையில் ஆம்பிளைகள் கட்டும் பெரிய வாட்ச். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். யோசிக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நாங்கள் அந்தக் கையைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்வோம். கடலை மென்றால் சாதாரண விஷயம். கை பைக்குள் போய், கடலை எடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டால், நான் மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிடுவேன்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. யாரிடமும் "பயப்படாதே" என்று சொல்ல மாட்டார். சொன்னால்தான் பயமே வரும் என்பார். அதற்குப் பதிலாக, "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான் முதல் கேள்வி. கூட வந்தவர்களை வெளியே நிற்க வைக்கவும் விடமாட்டார். புருஷனோ மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரியோ, யாராயிருந்தாலும் உள்ளே ஒரு நாற்காலி உண்டு. "வயித்துல இருக்கிறத ஸ்கேன்ல பாத்துக்கலாம். வீட்டுல இருக்கிறத இவங்க வாயத் தொறந்தாத்தான் பாக்க முடியும்" என்பார்.

இன்னொரு பிடிவாதம், மாதக் கணக்கு. எங்கள் தோட்டத்துப் பெண்கள் முழுகாமல் இருந்தால் தமிழ் மாதத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள். பங்குனிக் கடைசியில் நின்றிருந்தாலும் பங்குனி ஒரு மாதம். ஆடி பிறந்த அன்றே ஆடிக்கும் ஒரு மாதம். இந்தக் கணக்கில் எந்தப் பிள்ளையும் வயிற்றுக்குள் வேகமாக வளரும். "அஞ்சு மாசம்" என்று கம்பீரமாக வந்து உட்காருவாள். ஸ்கேனில் பார்த்தால் பதினாறு வாரம் இருக்கும். டாக்டர் தேதி கேட்கவே மாட்டார். "கடைசியா எந்தத் திருவிழாவுக்குக் கோவிலுக்குப் போக முடியாம வீட்டுல இருந்த?" என்பார். உடனே பதில் வரும். கோவிலுக்குப் போக முடியாத நாளை எந்தப் பொம்பளையும் மறப்பதில்லை.

தொண்ணூறுகளில் டிரிப்பிள் டெஸ்ட் எங்கள் கிளினிக்குக்கு வந்தது. தாயின் ரத்தத்தில் மூன்று பொருள்களை அளந்து பார்ப்பார்கள். பிள்ளையின் கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதம், நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன், பிள்ளையும் நஞ்சுக்கொடியும் கூட்டாகச் சேர்ந்து செய்யும் இன்னொரு ஹார்மோன். முதலாவதும் மூன்றாவதும் குறைந்து, நடுவில் உள்ளது ஏறியிருந்தால் டவுன் சிண்ட்ரோமுக்கான சாத்தியம் கூடும். ஆனால் இந்த அளவுகள் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் எத்தனை வாரம், தாயின் எடை என்ன, வயது என்ன எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணும். அதிலும் வயதுக்கு மரியாதை அதிகம். ஒரே ரத்தம்தான், இளம்பெண்ணுக்கு ஒரு விடை, நாற்பதை நெருங்குபவளுக்கு வேறு விடை.

மூன்று டெஸ்ட் என்றதும் மூன்று ஊசி என்று நினைத்துக்கொண்டு, ஒரு கையில் எடுத்து முடித்ததும் அடுத்த கையை நீட்டியவர்கள் உண்டு. ஒருத்தி மூன்றாவதுக்கு எங்கே குத்துவீர்கள் என்று கவலையோடு கேட்டாள்.

ரத்தத்தை எடுத்து உறைய விட வேண்டும். பிறகு சுழல் இயந்திரத்தில் போட்டுச் சுற்றினால், சிவப்பு அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிநீர் நிற்கும். எங்கள் இயந்திரம் பழையது. சுற்றச் சுற்ற மேசை மேல் நடந்து போகும். அடியில் ஈரத் துண்டை மடித்து வைத்து, பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொள்வேன். நன்றாக நாசி லெமாக் தேங்காய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் தெளிநீர் தெளிநீராகவே இருக்காது. தேங்காய்ப் பால் மாதிரி கலங்கி நிற்கும். டாக்டர் காலைச் சாப்பாட்டை விசாரிப்பதில் அந்த லாபமும் இருந்தது.

தெளிநீரை மட்டும் சின்னக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கோலாலம்பூர் லேபுக்கு வாடகைக் காரில் அனுப்புவோம். ஓட்டுபவர் ஒரு மலாய்ப் பெரியவர். பல வாரம் அதை மீன் பெட்டி என்றே நினைத்திருந்திருக்கிறார். "என்ன மிஸ்ஸி, உங்க டாக்டரம்மா கேஎல்லுக்கு மீன் விக்கிறாங்களா?" என்று ஒருநாள் மலாயில் கேட்டார். உள்ளே இருப்பது இன்னதென்று சொன்னேன். அன்றிலிருந்து பெட்டியை டிக்கியில் வைக்கவில்லை. பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். வாடை அடிக்கும் டுரியான் பழ மூட்டையோடு வந்தவர்களை அந்தக் காரில் ஏற்றவும் மறுத்துவிட்டார்.

விடை ஃபேக்ஸில் வரும். இத்தனையில் ஒன்று என்று ஒரு எண். அதை வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைப்பதுதான் எங்களுக்கு உண்மையான வேலை. ஆபத்து என்றால் அழுதார்கள். வாய்ப்பு என்று சொல்லிப் பார்த்தேன். ரந்தாவிலிருந்து வந்த ஒருவர் முகம் மலர்ந்து, "எழுநூத்து இருவதா மிஸ்ஸி? முன்னால ஒரு சைபர் போட்டு நம்பர் எழுதலாமா?" என்றார். எழுதியும் இருப்பார். பெண்டாட்டிக்கு நல்ல விடை வந்த சந்தோஷம் போதாதென்று லாட்டரியும் கேட்கும் ஆள்.

அஞ்சலை வந்தது இந்தச் சமயத்தில்தான், ஒரு ஜூலை மாதம். லாபு பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. கல்யாணமாகிப் பத்து வருடம். அதற்குள் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இந்த முறை தங்கியிருக்கிறது. அவள் புருஷன் வேலு அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். அவள் பேசாததையும் சேர்த்து அவன்தான் பேசுவான். முகப்பில் பேர் எழுதும் பெண் வழக்கம்போல் ஐசியைப் பார்த்து வயதை எழுதிக்கொண்டாள். முப்பத்தெட்டு. வயதைக் கண்டதும் டாக்டர் டிரிப்பிள் டெஸ்ட் வேண்டும் என்றார். பங்குனி உத்திரத்துக்குக் கோவிலுக்குப் போகவில்லை என்றாள் அஞ்சலை. ஸ்கேனும் பதினாறு வாரம் என்று ஒத்துக்கொண்டது. ரத்தம் போய், விடை வந்தது. நூற்று அறுபதில் ஒன்று. அப்போது நாங்கள் வைத்திருந்த எல்லைக் கோட்டுக்கு அது அந்தப் பக்கம், மேற்கொண்டு சோதிக்க வேண்டிய பக்கம்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கடலை மெல்லவில்லை.

"காலையில என்ன சாப்பிட்ட ஆத்தா?"

"ரொட்டி, டாக்டர்."

"நீ வெட்டுற நிரையில எத்தன மரம்?"

"நானூத்து சொச்சம் இருக்கும்."

"அதுல நூத்தறுபது மரத்த மட்டும் எடுத்துக்க. நூத்தம்பத்தொம்பது மரத்துல எப்பவும்போல பால் வரும். ஒன்னே ஒன்னு வேற மாதிரி. உன் புள்ள அந்த நூத்தம்பத்தொம்பதுல இருக்கலாம், அந்த ஒன்னாவும் இருக்கலாம். வெளியே நின்னு பாத்தாத் தெரியாது. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் அந்த வெட்டு என்ற வார்த்தையைத் தவிர்த்திருக்கலாம். அஞ்சலையின் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது.

"வெட்டுறதுன்னா?"

டாக்டர் விளக்கினார். கோலாலம்பூரில், வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி விட்டு, பனிக்குடத் தண்ணீரில் கொஞ்சம் எடுப்பார்கள். அதில் குரோமோசோம் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஊசியாலேயே சில நேரம் பிள்ளை தங்காமல் போய்விடும்.

"எத்தன மரத்துல ஒன்னு?" என்றாள் அஞ்சலை.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "அதுவும் ஏறக்குறைய இதே கணக்குதான் ஆத்தா."

அடுத்து, அப்படிப் பிறக்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்டாள். மெதுவாகத்தான் கற்றுக்கொள்ளும், சிலருக்கு இருதயத்தில் குறை இருக்கலாம், முகம் இப்படி இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

"எங்கள வேலை வாங்குற மண்டோரோட தங்கச்சி மாதிரியா? அது எங்க லயத்து வரிசையில எல்லாரு வீட்டுப் புள்ளையையும் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியும் டாக்டர். நல்லா சிரிக்கும். அப்படிப் பொறந்தா நான் வளத்துக்குவேன். ஊசியில போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?"

வேலுவுக்கு வேறு கணக்கு. "ரெண்டு தடவ போச்சு மிஸ்ஸி. இது எப்படியிருக்குன்னு தெரியாம அஞ்சு மாசம் என்னால தூங்க முடியாதுலா. டாக்டர் செய்யணும்னா செஞ்சிருவோம்" என்றான். டாக்டர் செய்யணும் என்று சொல்லவே இல்லை. முடிவு உங்களுடையது என்றுதான் சொன்னார். ஆனால் பயந்த மனிதனுக்கு யாராவது உத்தரவு போட்டால் தேவலை என்றிருக்கும். அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஊசிக்கு நாள் குறித்தோம். அஞ்சலை வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே எழுந்து போனாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

குறித்த நாளுக்கு முன்னால் அவள் மறுபடி வந்தாள். வேலு வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், கூட ஒரு பெண் உள்ளே நுழைந்துவிட்டாள். நல்ல சதைப்பிடிப்பு, ஃபேக்டரிச் சட்டை, உதட்டில் லேசாகச் சாயம். ராசாவில் குடியிருக்கும் அக்கா, பெயர் கன்னியம்மா. டாக்டரின் வழக்கப்படி அவளுக்கும் நாற்காலி போட்டேன். உட்காரும் முன்பே சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு டாக்டர் வயித்துல ஊசி?"

டாக்டர் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். ரத்தத்தில் அளவுகள் கொஞ்சம்தான் விலகியிருக்கின்றன. இதே ரத்தம் வயது குறைந்த பெண்ணுக்கு இருந்தால் கூப்பிட்டே இருக்க மாட்டேன். வயது முப்பத்தெட்டு என்பதால்தான் எண் ஏறிவிட்டது.

கன்னியம்மா சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை; வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற சிரிப்பு.

"முப்பத்தெட்டா? எனக்கே முப்பத்தாறுதான் டாக்டர்!"

டாக்டரின் கை கோட்டுப் பைக்குள் போய் அங்கேயே நின்றது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"உங்க ரெண்டு பேருல யாரு அக்கா?"

"நான்தான் அக்கா. இவ என் தங்கச்சி."

"அப்ப உன் தங்கச்சி உனக்கு ரெண்டு வருசம் முன்னால பொறந்திருக்கா?"

கன்னியம்மாவின் சிரிப்பு நின்றது. தங்கையைப் பார்த்தாள். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐசி பொய்னு போலீஸ்ல புடிச்சிருவாங்களா டாக்டர்?" என்றாள்.

"நான் வயித்து டாக்டர். போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம் இருக்கு. நீ சொல்லு" என்றார் டாக்டர்.

சொன்னது கன்னியம்மாதான். அவள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்; அன்றே பதிவாகிவிட்டது. தங்கை லயத்து வீட்டில் பிறந்தாள். யாரும் போய்ப் பதியவில்லை. அப்பாவுக்குக் காலில் கத்தி பட்டு, புண் ஆறாமல் வேலை நின்றுபோனது. வீட்டிலிருந்து யாராவது அவர் நிரையை எடுத்தாக வேண்டும். பதினாறு வயது ஆனால்தான் முழு ஆளாகப் பேர் பதிவேன் என்றார் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கன்னியம்மாவுக்கு அப்போது பதினாலு. பேப்பர் சரியாக இருந்ததால் கூட்ட வழியில்லை. அஞ்சலைக்குப் பன்னிரண்டு. பேப்பரே இல்லை. இல்லாத பேப்பரில் எத்தனை வயது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே.

"ஐசி எடுக்கப் போறப்ப எங்கம்மா இவளுக்கு என் தாவணியைக் கட்டிவிட்டு, உயரமா தெரியட்டும்னு குதிகால் வச்ச செருப்பு போட்டுவிட்டாங்க டாக்டர். இவ அதப் போட்டுக்கிட்டு நடக்கத் தெரியாம ஆபீஸ் வாசல்லயே விழுந்துட்டா. நாங்க எல்லாம் சிரிச்சோம்." கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரு ஒழுங்கா பதிஞ்சிருந்துச்சு, நான் அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சேன். இவளுக்குப் பதியல, இவ மரத்துக்குப் போயிட்டா. எனக்குப் பதிலா போனா."

எங்கள் தோட்டத்திலும் இப்படி இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். ஆனால் ஐசியில் அக்காவுக்கே அக்கா ஆனவளை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வேலு உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஊசியை மறந்தே போனான்.

"எனக்கு முப்பத்தஞ்சு. பத்து வருசமா தோட்டத்துல எல்லாப் பயலும் அக்காவக் கட்டிக்கிட்டவன்னு என்னைக் கிண்டல் பண்றானுங்க. நீ ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே" என்றாள் அஞ்சலை.

டாக்டர் மேற்கொண்டு விசாரித்தார். தான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது தங்கை ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள், தினமும் அழுது தன் பெஞ்சிலேயே வந்து உட்காருவாள், வாத்தியார் விரட்டினாலும் போக மாட்டாள் என்றாள் கன்னியம்மா. அந்தக் கணக்கில் பிறந்த வருடம் பிடிபட்டது; மாதம் தெரியவில்லை. டாக்டர் அந்த வருடத்தின் முதல் நாளையே வைத்துக்கொண்டார். சந்தேகம் இருந்தால் வயது கூடுதலாகவே இருக்கட்டும், நமக்குச் சாதகமாக ஒரு நாளும் குறைக்கக் கூடாது என்றார். பிறகு லேபுக்குப் போன் போட்டார். அங்கே பேசியவர் ஐசியில் உள்ள தேதிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார் போலிருக்கிறது.

"தம்பி, கருப்பைக்கு ஐசி கிடையாது. அது பொறந்த நாளிலிருந்துதான் எண்ணும். நீ கணக்கப் போடு, கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

ஃபேக்ஸ் வரும்வரை நாங்கள் ஐந்து பேரும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானூறில் ஒன்று. கோட்டுக்கு இந்தப் பக்கம்.

வேலு கையைத் தட்டினான். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இல்லவே இல்லைன்னு நான் சொல்லல. அந்த ஒரு மரம் நானூறுக்குள்ளயும் உண்டு. ஆனா இந்த எண்ணுக்கு நானா ஊசிக்கு அனுப்ப மாட்டேன். நீங்க கேட்டா அனுப்பறேன்."

வேலு பெண்டாட்டியைப் பார்த்தான். இந்த முறை அவளுக்குப் பதிலாகப் பேசவில்லை.

"வேணாம் டாக்டர்" என்றாள் அஞ்சலை. "நான் பன்னெண்டு வயசுல பதினாறு வயசுக்காரியா மரத்துக்குப் போனேன். அந்தக் கூடுன நாலு வருசத்தால எனக்கு ஒரு நல்லதும் நடந்ததில்ல. இப்ப அது என் புள்ளைக்கு ஊசியக் கொண்டாந்துச்சு. வேணாம்."

அன்று அவள் அவ்வளவு பேசியதே எங்களுக்கு ஆச்சரியம். ஐசியைத் திருத்த மனு கொடுக்கலாமே என்று வேலுவிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சூசா, ரொம்பக் கஷ்டம் மிஸ்ஸி. ஐசி வயசுக்கு அம்பத்தஞ்சுல சேமநிதி காசு நாலு வருசம் முன்னாலயே வருமில்ல?" என்றான். அதிர்ச்சி தீர்ந்து ஆள் பழைய நிலைக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தது.

அன்றிலிருந்துதான் எங்கள் கிளினிக்கில் அந்தக் கேள்வி வந்தது. ஐசியைப் பார்த்த பிறகும், இது நிஜமான வயதா என்று கேட்க வேண்டும். பட்டணத்துக்காரிகள் முறைத்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த சிலர் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வேறொரு வயதைச் சொன்னார்கள்.

அஞ்சலைக்கு எங்கள் கிளினிக்கிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. புது வருடம் பிறந்து மறுநாள் காலை, நான்தான் ஏந்தி எடுத்தேன். டாக்டர் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார், உள்ளங்கை ரேகையை விரித்துப் பார்த்தார், இருதயத்தில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். அஞ்சலை படுத்தபடியே அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா டாக்டர்?"

"எல்லாம் நல்லா இருக்கு ஆத்தா. மூக்கு மட்டும் உன் வீட்டுக்காரன் மூக்கு. அதுக்கு முன்கூட்டியே பாக்க எங்ககிட்ட டெஸ்ட் இல்ல."

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்னியம்மா அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

மத்தியானம் பிறப்புப் பதிவுக்கான தாளை எடுத்துக்கொண்டு போனேன். வேலு அடுத்த வீட்டு முனியம்மாவிலிருந்து மாட்டுக் கொட்டகை ஆள்வரை எல்லாருக்கும் போன் போட்டு முடித்துவிட்டு, உற்சாகமாக என்னிடம் வந்து குனிந்தான்.

"மிஸ்ஸி, ஒரு சின்ன உதவி. டிசம்பர் முப்பத்தொன்னுன்னு போட்டுருங்களேன். ரெண்டு நாளுதான். ஒரு வருசம் முன்னாலயே ஸ்கூலுக்குப் போயிரும்ல? கெட்டிக்காரப் புள்ளையா தெரியுது."

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அப்போது பல அப்பாக்கள் கேட்டதுதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அஞ்சலை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தையல் போட்ட உடம்பு. எழக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"கூடாது."

வேலு திரும்பினான். "ரெண்டு நாளுதானே புள்ள..."

"ரெண்டு நாளும் வேணாம், ரெண்டு நிமிசமும் வேணாம். என் வயச எங்கப்பா எடுத்துக்கிட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல, வீட்டுல சோறு வேணும். ஆனா இவ வயசு இவகிட்டயே இருக்கட்டும்."

நான் ஜனவரி இரண்டு என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள், வாசித்தேன். அப்புறம்தான் அவள் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள்.